இரண்டும் இடது கால் ஷூ

அன்புள்ள மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க இது துபாய்க்கு எழுதுகிற கடிதம் இல்லை. மௌலா அலிக்கும் பேகம்பேட்டுக்கும் நடுவில் என்ன கடலா கிடக்கிறது? நேற்று சாயங்காலம்தான் போனில் பேசினோம். பேசினோம் என்ன, நீ பேசினாய், நான் "ம்" கொட்டினேன். போனில் எனக்கு முதலில் கோபம் வந்துவிடும், சொல்ல வந்த விஷயம் அப்புறம் மெதுவாக வரும். அதற்குள் நீ வைத்துவிடுவாய். இது உனக்கும் தெரியும், உன் அம்மாவுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வருகிறதென்றால் அது உன் அம்மா உன்னைச் சண்டே ஸ்கூலுக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போன புண்ணியம். அந்தப் புண்ணியத்தை இன்றைக்குக் கொஞ்சம் செலவழித்து இதை முழுசாகப் படி.

நீ சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன், தப்பாகக் கேட்டேனா பார். "பாளையங்கோட்டை மாமாகிட்டப் பேசிட்டேம்ப்பா. சனிக்கிழமை வந்து கெஸ்ஸக் கூட்டிட்டுப் போறாங்க. ஷீபா ட்ரெய்னிங் முடிஞ்சு வர்ற வரைக்கும் அவ அங்கயே இருக்கட்டும். எனக்கு இந்த வேல வரலப்பா. நான் அப்பாவா இருக்க லாயக்கில்ல." இதுதானே? இதற்குத்தான் நான் "ம்" என்றேன். அந்த "ம்" சம்மதம் இல்லை ராசா. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து போட்ட பூட்டு. கெசியாவை, நாலு வயதுப் பெண் குழந்தையை, அம்மா ஷீபா புனேயில் இருக்கிற நேரத்தில், அப்பாவும் இல்லாத அம்மாவழித் தாத்தா ஊருக்கு அனுப்புவதற்கு ஒரு ஷூதான் காரணம் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

ஷூ இல்லை, ஞாயிற்றுக்கிழமைதான் காரணம் என்பாய். சரி, ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துக்கொள்வோம். நீ அதில் மாட்டிக்கொண்டவன். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். கோயிலில் சண்டே ஸ்கூல் ஆண்டு விழா. பெண் பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை ஃபிராக், கறுப்பு ஷூ என்று டீச்சர்கள் கட்டளை போட்டுவிட்டார்கள். செகந்திராபாத் மார்க்கெட்டில் பாதிப் பேர் ஒரே கடையில் ஒரே ஷூவை வாங்கியிருக்கிறார்கள். இங்கிலீஷ் ஆராதனைக்காரர்களாக இருந்தால் ஷூவோடு உள்ளே போயிருப்பார்கள், வம்பே இல்லை. நாம் தமிழ் ஆராதனை. திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆனாலும் செருப்பை வாசலில் கழற்றாமல் நமக்கு ஜெபம் வராது. வராந்தாவில் குட்டிக் குட்டியாய்க் கறுப்பு ஷூக்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்து, "ஏ அப்பா, எல்லாம் ஒண்ணு போலல்லா இருக்கு" என்று உன் அம்மாகூடச் சொன்னாள். சொன்னாளே தவிர அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

உள்ளே கெசியா மேடையேறி மனப்பாட வசனத்தைத் திக்காமல் தமிழில் சொன்னாள். வீட்டில் தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்கிற குழந்தை! ஷீபா அழுதுவிட்டாள். உன் கண்ணும் சிவந்துதான் இருந்தது, நீ மூக்கைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தாய். அதெல்லாம் நான் கவனித்தேன். விழா முடிந்தது. ஷீபாவின் புனே ரயிலுக்கு நேரமாகிவிட்டது. உன் தோளில் அவள் பை, கையில் கார் சாவி, முகத்தில் ஏழு கடுவன் பூனை. குழந்தையைப் படியில் உட்காரவைத்து, "கெஸ், ஷூ போடு, சீக்கிரம்" என்றாய். அவள் குவியலிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டு வந்து போட்டாள். "தப்பு, மாத்திப் போடு" என்றாய். மாற்றினாள். "மறுபடியும் தப்பு! ஸ்கூல்ல என்ன சொல்லிக் குடுக்காங்க? கண்ணு எங்க இருக்கு?" அவள் மறுபடி மாற்றினாள். மறுபடி தப்பு. அப்புறம் நீயே குனிந்து அந்தப் பிஞ்சுக் காலைப் பிடித்துத் திணித்தாய். "நக்கோ! நக்கோ!" வேண்டாம் வேண்டாம் என்று அவள் கத்திய சத்தத்தில் ஃபாதர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் உன்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள் பார், "கைக்கு சில்லாரே டாடி?" என்று. ஏன் கத்துறீங்க டாடி.  நானும் பக்கத்தில் நின்றுகொண்டு, "டாடி சொல்லுறதக் கேளு பாப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஸ்டேஷனில் ரயில் நகர்ந்து ஷீபாவின் கை கண்ணிலிருந்து மறைந்த அதே நிமிஷத்தில் உன் போன் அடித்தது. சண்டே ஸ்கூல் பிரின்சியின் அம்மா. "அண்ணே, எங்க பிரின்சிக்கு ரெண்டும் வலது கால் ஷூவா வந்திருக்கு. உங்க பாப்பாவுக்கு எப்படி?" நீ கெசியாவைத் தோளில் வைத்திருந்தாய், ஷூ இரண்டும் உன் கையில் இருந்தன. அப்போதுதான் இரண்டு பேரும் அதைச் சரியாகப் பார்த்தோம். இரண்டும் இடது. உலகத்தில் எந்தக் குழந்தை எப்படி மாற்றிப் போட்டாலும் ஒரு கால் தப்பாகத்தான் இருக்கும். முப்பது வருஷம் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன் நான், இடம்புரி மரையையும் வலம்புரி மரையையும் தடவிப் பார்த்தே சொல்லுவேன் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டவன். என் கண்ணுக்கு முன்னால் இரண்டு இடது ஷூ கிடந்தது, எனக்குத் தெரியவில்லை. நீ பிளாட்பாரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாய். பாப்பா உன் தோளில் தூங்கிப்போயிருந்தாள். 

அதற்கப்புறம் அவள் உன்னை ஷூ பக்கம் அண்டவிடவில்லை, அதுதானே உன்னை இப்படி உடைத்துப் போட்டிருக்கிறது? ஷூவை நீ எடுத்தாலே காலை ஃபிராக்குக்குள் இழுத்துக்கொள்கிறாள், வெறும் காலோடு தூக்கிக்கொண்டுபோய் வேனில் ஏற்றுகிறேன், ஸ்கூலில் ஆயாம்மாதான் ஷூ போட்டுவிடுகிறது என்று சொன்னாய்.  கோபித்துக்கொள்வதும் அழுவதும் காலை இழுத்துக்கொள்வதும் நாலு வயதுக்கு நியாயமான காரியங்கள். ஆனால் முப்பத்து நாலு வயது ஆள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு பெட்டியைக் கட்டலாமா? குழந்தை உன்மேல் கோபமாக இருக்கிறாள் என்றால் உன்னை இன்னும் கணக்கில் வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். ரோட்டில் போகிறவன்மேல் யார் கோபப்படுவார்கள்?

உன் அம்மா உன் கட்சி, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாளே தவிர, வாய்க்கு எந்த ஆபரேஷனும் ஆகவில்லை. "அங்கன போனா பிள்ளைக்கு நாலு வார்த்த தமிழாவது வரும். இங்கன கெடந்து ஆமான்னா ஹவ்வு, வேண்டாம்னா நக்கோன்னு துலுக்கத் தெருப் பிள்ள மாதிரி பேசிக்கிட்டுக் கெடக்கு. சம்பந்தி வீட்டுல ஆள் இருக்கு, தோட்டம் இருக்கு. நீங்க குறுக்க வுழாதிய" என்றாள். "தமிழ் வரும்டீ, வந்து யாருகிட்டப் பேசும்? அவ அப்பன் இங்க பேகம்பேட்டுல தனியா உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டிருப்பான்" என்றேன்.  அவள் வாக்கரை ஓரமாகத் தள்ளிவிட்டு, "அப்ப நம்ம வீட்டுல வச்சிக்கிடுவோமா?" என்றாள். எனக்கு ஆசை இல்லையா? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் எங்களிடம் விட்டாலும் அது அனுப்புவதுதான் ஐயா. தூரம் மட்டும்தான் குறைவு. சனி ஞாயிறு வந்து பார்த்துவிட்டு, பொம்மை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிற அப்பாவாக ஆகிவிடுவாய். அதற்கு நான் துணை போகமாட்டேன்.

"எனக்கு இந்த வேல வரல" என்றாயே, அதற்கு வருகிறேன். உனக்கு நாலு வயதாக இருந்தபோது உன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி. விடியும் முன்னே நர்ஸ் சேலையைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள். எனக்கு செகண்ட் ஷிப்ட். ஆகவே உன்னைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, டை கட்டி, ஷூ மாட்டி ரிக்‌ஷாவில் ஏற்றும் உத்தியோகம் என் தலையில். காலனியில் வேறு எந்த வீட்டிலும் அந்த வேலையை ஆம்பளை செய்யவில்லை. கைலியோடு நான் உன் பின்னால் ஓடுவதைப் பார்க்கவே எதிர் வரிசை குவார்ட்டர்ஸில் ஜன்னல் திறக்கும். இட்லி ஊட்டப் பழகினேன், டை கட்டப் பழகினேன், இந்த ஷூ மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. உனக்கு நேர் எதிரே சப்பணம் போட்டு உட்காருவேன். என் வலது கைப் பக்கம் இருக்கிற கால் வலது கால் என்று நினைத்து வலது ஷூவை மாட்டுவேன். எதிரே உட்கார்ந்தால் உன் கால் அந்தப் பக்கம் மாறித்தானே இருக்கும்! பெரிய மிஷினையெல்லாம் கழற்றிப் பூட்டுகிறவனுக்கு இது எட்டவில்லை. நீயும் சமர்த்தாக அதையே போட்டுக்கொண்டு வாத்து மாதிரி நடந்து போவாய். ரிக்‌ஷாக்காரர்தான் ஒருநாள், "கியா சார், பச்சேகா பாவ் உல்டா ஹை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார், பிள்ளையின் கால் மாறிக் கிடக்கிறதாம்.

சரி, பிள்ளைக்கே சொல்லிக்கொடுத்துவிடுவோம் என்று ஆரம்பித்தேன். சோத்துக்கைப் பக்கம் உள்ளது வலது கால் என்றால் நீ முதலில் சோறு எங்கே என்று கேட்பாய். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் குவார்ட்டர்ஸ் வாசல் படியில் உட்கார்ந்தால் வலது பக்கம் மௌலா அலி மலை தெரியும், உச்சியில் தர்கா. "மலைப் பக்கம் இருக்குற கால்தான் வலது கால். பக்கிள் மலையைப் பார்த்தமாதிரி இருக்குற ஷூ வலது ஷூ. புரிஞ்சுதா?" நீ ஒரே நாளில் பிடித்துக்கொண்டாய். ஒரு வாரம் தப்பே இல்லை. காலனி முழுக்க நான் பெருமை அடித்தாகிவிட்டது. அப்புறம் ஒரு மத்தியானம் ஸ்கூலிலிருந்து ஷூவைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாய். விளையாட்டு வகுப்புக்காகக் கழற்றியிருக்கிறார்கள். "ஏன்டா தப்பாப் போட்ட?" என்று கேட்டேன். நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஸ்கூல்ல மலை அந்தப் பக்கம் போயிருச்சுப்பா" என்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, உனக்கு அழுகை அடங்கவில்லை. மலையை நகர்த்தி வைத்த அப்பன் என்று உன் அம்மா இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்கிறாள்.

மலையை விட்டுவிட்டுப் பெயின்ட்டுக்கு வந்தேன். எங்கள் தொழிற்சாலையில் எந்தக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய எனாமல் பெயின்ட்டில் பொட்டு வைப்போம். அதே மாதிரி உன் வலது ஷூவுக்குள் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். நீ ஷூவை எடுத்துப் பார்த்து, "செவப்பு!" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு இடது காலில் மாட்டினாய். ஷூவில் பொட்டு இருக்கிறது சரி, காலில் இல்லையே! விட்டேனா நான்? காலிலும் வைத்தேன். வலது கட்டைவிரல் நகம் முழுக்கச் சிவப்பு எனாமல். டியூட்டி முடிந்து வந்த உன் அம்மா வாசலிலேயே, "ஏ பாவி, பிள்ளைக்கு நகம் பேந்து போச்சா?" என்று அலறியதில் பக்கத்து வீட்டு ரெட்டிகாரு பனியனோடு ஓடிவந்தார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுக்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நீ பாட்டுக்குக் காலை நீட்டிக்கொண்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தாய்.

கடைசியில் உனக்கு எப்படி வந்தது தெரியுமா? எனக்கும் சரியாகத் தெரியாது, அதுதான் உண்மை. எதிரே உட்காருவதை விட்டுவிட்டேன், படியில் உன் பக்கத்தில், நீ பார்க்கிற திசையையே பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். அது கொஞ்சம் உதவியிருக்கலாம். வலது, இடது என்று பேசுவதையும் விட்டுவிட்டு, போட்டதும் எழுந்து நாலு எட்டு நடக்கச் சொல்லி, "கடிக்குதா?" என்று மட்டும் கேட்டேன். கடித்தால் மாற்றுவாய். கடிக்காவிட்டால் ஓடிவிடுவாய். நான் சொன்னால் ஒன்றுக்கு மூன்று சந்தேகம் கேட்கிறவன், உன் கால் சொன்னால் உடனே கேட்டாய். இடையில் எத்தனையோ நாள் தப்பாகப் போட்டுக்கொண்டே ஸ்கூலுக்குப் போனாய். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஒருநாள் பார்த்தால் நீ உட்கார்ந்தாய், போட்டாய், போய்விட்டாய். நான் இன்னும் ஒரு கேள்வியோடு படியில் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தைவிடத் துக்கம் கொஞ்சம் கூடுதல். காலையில் உன் கால் என் மடியில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் இனிமேல் கிடைக்காது என்று அப்போதுதான் உறைத்தது. அதைத்தான் நீ சனிக்கிழமை ரயிலேற்றி அனுப்பப் பார்க்கிறாய்.

இந்த வேலை யாருக்கும் பிறக்கும்போதே வருவதில்லை ராசா. எனக்கு வரவில்லை. உன் அம்மாவுக்கும் வரவில்லை, ஊசி போடுகிற கை என்று பேர், ஆனால் உனக்குக் காதில் மருந்து விட என்னைத்தான் கூப்பிடுவாள். கெசியாவுக்கு ஜடை பின்ன உனக்கு வருகிறது, நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் வந்தால் அவள் உன் நெஞ்சில்தான் படுக்கிறாள், ஷீபாவிடம்கூடப் போவதில்லை. இத்தனையும் வருகிறவனுக்கு ஒரு ஷூ வரவில்லை, அதுவும் இரண்டும் இடதாக இருந்த ஷூ! உன்னிடம் ஒரே ஒரு குறை. உனக்கு மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருக்கிறது. குழந்தையிடம் போய் எப்படிக் கேட்பது, அவளுக்கு என்ன புரியும் என்று நினைக்கிறாய். புரியும். அவள் உன்னைக் கேட்ட கேள்வி பாக்கி நிற்கிறது. ஏன் கத்தினாய் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அம்மா ஊருக்குப் போகிற பயத்தில் கத்தினேன், ஷூ தப்பு, நீ தப்பில்லை என்று சொல்லிவிடு. ஹிந்தியில் சொன்னாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்த இடத்தில் நேற்று நிறுத்திவிட்டு, இன்று காலை கடிதத்தை நேரிலேயே கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். தபாலில் போட்டால் அது பாளையங்கோட்டை ரயிலுக்கு அப்புறம்தான் வந்து சேரும். செகந்திராபாத் வரை பஸ், அங்கிருந்து பேகம்பேட்டுக்கு லோக்கல் ரயில். உன் வீட்டு லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி உன் தளத்துக்கு வந்தால், உள்கதவு திறந்திருந்தது, கிரில் கதவு மட்டும் சாத்தியிருந்தது. மணியை அடிக்கக் கையைத் தூக்கினேன். உள்ளே உன் குரல் கேட்டது. கையை இறக்கிவிட்டேன்.

நீ ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் உட்கார் என்று நான் பக்கம் பக்கமாகப் புத்திமதி எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், நீ அவளுக்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தாய். போகட்டும். அவள் சோபாவில் காலை ஃபிராக்குக்குள் இழுத்து வைத்துக்கொண்டு உர்ரென்று இருந்தாள். அவள் ஷூவை நீ தொடவே இல்லை. உன்னுடைய ஆபீஸ் ஷூவை எடுத்து, வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டி, லேஸையும் கட்டிக்கொண்டு எழுந்து நடந்தாய். ஆறடி ஆள், வாத்து மாதிரி. "ஐயோ கெஸ், டாடிக்குக் கடிக்குது. நடக்க வரல. ஏன்னே தெரியலயே" என்றாய். அவள் முதலில் பார்க்காத மாதிரி இருந்தாள். அப்புறம் ஒரு கண்ணால் பார்த்தாள். நீ இன்னும் இரண்டு எட்டு வைத்துச் சோபாவில் இடித்துக்கொண்டாய், அது நடிப்பா நிஜமா என்று எனக்கே தெரியவில்லை. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. "டாடி! உல்டா! உல்டா பெஹனே!" மாற்றிப் போட்டிருக்கீங்க என்று கத்திக்கொண்டு சோபாவிலிருந்து குதித்தாள்.

உன்னைத் தரையில் உட்காரவைத்துவிட்டு அவள் உன் கால்மாட்டில் உட்கார்ந்தாள். லேஸ் அவளுக்கு அவிழ்க்க வரவில்லை, இழுத்தாள், பல்லால் கடிக்கப் போனாள், நீ சும்மா இருந்தாய். அந்தச் சும்மா இருந்ததற்கே உனக்குக் கோடி புண்ணியம். ஒரு வழியாகக் கழற்றி, இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூக்கு இரண்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. "யே கட்டி ஹை" என்றாள். ஷூ இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறதாம். இடம் மாற்றி வைத்தாள். "அப் தோஸ்தி." இப்போது சிநேகமாம். இதை யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் உன் பெரிய காலை இரண்டு கையாலும் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஷூவுக்குள் தள்ளினாள். தள்ளிக்கொண்டே உன் முகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டாள், "வலிக்குதா டாடி?"

நீ "இல்லம்மா" என்றாய், அவள் காலைப் பார்த்தாய். "அன்னைக்கு உனக்கு வலிச்சிருக்கும்ல? டாடி ஸாரி. ஷூதான் தப்பு, நீ தப்பில்ல" என்றாய். நான் எழுதியதை நீ படிக்கவே இல்லை, கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அவள் "ஹவ்" என்றாள். ரொம்பப் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டி, ஒரே ஒரு "ஹவ்." பிறகு தன் ஸ்கூல் ஷூவை எடுத்துக்கொண்டு வந்து, உன் மடியில் தன் காலைத் தூக்கி வைத்தாள்.

நான் சத்தம் போடாமல் படியிறங்கி வந்துவிட்டேன். உன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னால் அவள் அழுகிறாள், சிரிக்கிறாள், "ஏன் உள்ள போவாம வந்திய?" என்று திட்டுகிறாள். பேகம்பேட் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். எனக்கும் கண் கொஞ்சம் சரியாகத் தெரியவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். அப்பாவாக இருக்க லாயக்கில்லாத ஒருத்தன் அந்த வீட்டில் இருப்பதாக போனில் சொன்னாயே, அவனைப் பார்த்துப் பேசத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கிரில் வழியாக நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன். அப்படி யாரும் அங்கே இல்லை.

சம்பந்தி பாவம், நாளைக்கு ரயிலேறப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். வர வேண்டாம் என்று அவருக்கு நீ போன் போடுகிறாயா, நான் போடட்டுமா?

உன் அப்பா